தார் பூசாமல் விட்ட ஒரு சாண்

எங்கள் வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படிகள். பேராதனையிலிருந்து கெலிஓயாப் பக்கம் போகும்போது இடப்புறம் பிரியும் கிளைப் பாதையில் தொடங்கி, பலாமரத்தடி வரைக்கும் இறங்கும் படிகள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கீழே வந்து நின்று, நல்ல காற்று என்பார்கள். திரும்பி மேலே ஏறும்போது ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்ல மூச்சு இருக்காது. அந்தப் படிகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, என் மனைவி மூன்றாவது முறை உண்டாகும் வரைக்கும்.

முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்தில் போனது, மற்றது ஆறாம் மாதம் தொடங்கும்போது போனது. மூன்றாவதற்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார். படி ஏறி இறங்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பிள்ளை பிறக்கும்வரை படுத்தே இருக்க வேண்டும் என்றார். கடைசியாக, போகிற போக்கில், "பலமா இருமவும் கூடாது" என்றார். நான் படிகளைப் பற்றியே யோசித்துக் கொண்டிருந்ததால் அந்தக் கடைசிச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மழைக்காலம் வந்தால் அவளுக்கு இழுப்பு வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயம் தேவையான நேரத்தில் தலைக்கு வராது, அதுதான் என் பிறவிக் குணம்.

படிகளின் உச்சியில், பாதையோரமாக, எங்களுக்கு முன் அங்கே இருந்தவர் கடை போடுவதற்காக ஊற்றிவிட்டுப்போன ஒரு கொங்கிரீட் தளம் இருந்தது. கடை வரவில்லை. நாங்கள் அதில் மிளகு காயப்போடுவோம். அதன்மேல் ஒரு பலகை அறை போட்டால் ஆட்டோ வாசல் வரைக்கும் வரும், கிளினிக்குக்குப் போக அவள் ஒரு படிகூட மிதிக்கத் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்தது நான்தான். அந்தப் பெருமை இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் விண்ணப்பங்களைப் பதிவேட்டில் ஏற்றி, படங்களை மடித்துக் கோப்பில் போட்டு, முத்திரை குத்துவது என் வேலை. அத்திவாரம், ஈரத்தடுப்பு, வடிகால் என்ற சொற்களை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் ஓர் ஆணியை நேராக அடிக்கச் சொன்னால் விழி பிதுங்கிவிடும்.

அலவத்துகொடையிலிருந்து ஒரு தச்சு பாஸை, அதாவது மேஸ்திரியை, பிடித்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய முஸ்லிம் மனிதர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைச் சிங்களத்தில் ஐயா என்பதுபோல் மாத்தயா என்பார். சப்பு மரத்தில் சட்டம் அறுத்து வந்து, தளத்தின் நான்கு ஓரத்திலும் அடிச்சட்டத்தைப் படுக்கவைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். வேலையில் சுத்தமான ஆள். மரம் நேராகக் கொங்கிரீட்டில் உட்கார்ந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று, தளத்தில் தார் பூசி, அதன்மேல் தார்த்தாளை இரண்டு மடிப்பாகப் போட்டு, அதற்குமேல்தான் சட்டத்தை வைத்துப் போல்ட் முறுக்கினார். எல்லாம் முறைப்படி நடந்தது, வாசலைத் தவிர.

எங்கள் ஆட்கள் நிலை வைக்கும்போது அடியில் நவதானியமும் ஒரு காசும் வைப்பது வழக்கம். மண் தரையானால் சின்னக் குழி தோண்டி வைத்துவிடுவார்கள். இங்கே இருந்தது கொங்கிரீட். ஆவணி மாதம் கடைசி முகூர்த்தத்தில், நானும் அவளுடைய அக்காவும் அவளைக் கதிரையோடு தூக்கி மேலே கொண்டுவந்து வைத்தோம். அக்கா அவளைப் பார்த்துக்கொள்வதற்காகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தவர். நானா வாசல் நிலை வரும் இடத்தில் உளியால் ஒரு சாண் நீளத்துக்குக் குழி வெட்டித் தந்தார். மனைவி மஞ்சள் துணியில் கட்டிய முடிச்சை அதில் வைத்தாள். அதற்குமேல் நானா தார் வாளியைக் கொண்டுவந்தபோதுதான் அவள் முகம் மாறியது.

"அதுக்கு மேல கருப்ப ஊத்தாதீங்க நானா. வேணாம். புள்ளைக்காக வச்சது."

நானா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளை இழந்தவள் கதிரையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள்; அவளிடம் போய் ஈரத்தடுப்பைப் பற்றிப் பேச யாரால் முடியும்?

"ஒரு சாண் எடந்தானே மாத்தயா" என்றார் நானா. "மேல கூரையும் நீட்டி ஈக்கி. தண்ணி அங்க வர ஏலா."

தார்த்தாளில் அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, சட்டத்தை வைத்தார். குழி சட்டத்தைவிட ஒரு விரலளவு அறைக்குள் நீண்டிருந்தது. அந்த விளிம்பைப் பாயால் மூடிக்கொண்டோம். வாசலுக்குக் குங்குமம் வைத்தோம். அன்று மாலையே கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். தலை உள்சுவர்ப் பக்கம், கால் வாசல் பக்கம்.

புரட்டாசி முழுக்க அந்த அறை சொர்க்கமாக இருந்தது. பாதையில் போகிறவர்கள் யன்னலில் நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போவார்கள். அவள் படுத்தபடியே ஊர்க்கதை முழுவதும் தெரிந்துவைத்திருந்தாள். நான் அலுவலகம் விட்டு வந்ததும், யாருடைய மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, யாருடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று ஒப்பிப்பாள். வயிறு மெல்ல மேடிட்டது.

ஐப்பசி பிறந்தது. பகல் இரண்டு மணிக்கு வானம் இருட்டும், மூன்று மணிக்குக் கொட்டும். முதல் மழையன்று நான் வந்தபோது வாசல் பக்கத்துப் பாய் கனத்துப்போய்க் கிடந்தது. தளம் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு நூலளவு சரிந்திருக்கிறது. கூரையிலிருந்து விழும் தண்ணீர் தெறித்து, ஓடிவந்து, சட்டத்தடியில் புகுந்துகொள்கிறது. மிளகு காயப்போட்ட காலத்தில் எங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த ஞாயிறு சீமெந்து குழைத்து, வெளிப்புறமாகச் சட்டத்தின் அடிநெடுக அணைகட்டினேன். கையெல்லாம் புண். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் என்பதை என் அணை அறியவில்லை. நான்காம் நாள் மரத்துக்கும் சீமெந்துக்கும் நடுவே தலைமயிர் போகிற அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. தண்ணீருக்கு அது போதும். பிறகு டவுன் ஹார்ட்வெயார் கடையில் சிலிக்கன் குழாய் வாங்கிவந்து அந்தக் கோட்டில் அமுக்கினேன். ஈரத்தில் பூசாதீர்கள் என்று குழாயில் எழுதியிருந்தது. ஐப்பசியில் கண்டிப் பக்கம் ஈரமில்லாத இடம் எங்கே இருக்கிறது என்று எழுதியவனைக் கேட்க வேண்டும். மூன்றே நாளில் அது நீளமான வெள்ளைப் புழுவாகக் கையோடு கழன்று வந்தது. கடைசியில் உள்பக்கமாகத் தார் பூசப்போனேன். அந்த நாற்றத்தில் அவளுக்கு முதல் இருமல் வந்தது.

அந்த இருமல் வந்த நிமிடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இருமலை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் தார்த் தூரிகையோடு நின்றேன். டாக்டரம்மா போகிற போக்கில் சொன்ன சொல் அப்போதுதான் காதில் முழுசாக விழுந்தது.

அன்றிலிருந்து என் உயிர் அந்தச் சட்டத்தின் அடியில்தான் இருந்தது. அறைக்குள் பூஞ்சணம் பிடித்தது. பலகையின் கீழ்ப்பாகம் கறுத்தது. சாக்கு மடித்து வைத்தோம், இடுப்பில் கட்டும் பழைய சாரங்களைச் சுருட்டி வைத்தோம், அக்கா மழை நேரம் முழுவதும் குந்தியிருந்து ஒற்றி ஒற்றிப் பிழிந்தார். இழுப்பு விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன். வலியோ இரத்தமோ இல்லாமல் மூன்று நான்கு மாதம் கட்டில் தர முடியாது, வீட்டில் காய்ந்த இடத்தில் வைத்திருங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. காய்ந்த இடம் என்று கீழே எங்கள் வீடு இருந்தது, முப்பத்தெட்டுப் படிகளுக்கு அப்பால். கதிரையில் வைத்து இறக்கலாம் என்றால், மழையில் அந்தப் படிகள் பாசிபிடித்துக் கிடந்தன. ஒரு கால் வழுக்கினால் அவ்வளவுதான். மேலேயும் வைக்க முடியவில்லை, கீழேயும் கொண்டுபோக முடியவில்லை.

நானாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து சுற்றிப் பார்த்தார். தண்ணீர் எந்த இடத்தால் வருகிறது என்று தெரிந்தால்தான் கைவைக்கலாம், வெளியே கலர்த் தண்ணி ஊற்றுங்கள் என்றார். என்னிடம் இருந்த ஒரே கலர் அலுவலகத்து முத்திரை மை. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். சுற்றிவர ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. நானாவின் தாரும் தாளும் மூன்று பக்கத்திலும் கல்லுப்போல் நின்றன. வாசலடியில் மட்டும், நாங்கள் பாயால் மறைத்திருந்த விளிம்பில், ஊதாத் தண்ணீர் மெதுவாக எழும்பி நின்றது.

பாயை முழுதாக விலக்கியபோதுதான் அதைப் பார்த்தோம். குழியின் விளிம்பிலிருந்து ஒரு பயற்றஞ்செடி முளைத்து வந்திருந்தது. வெளிறிய தண்டு, விரல் நீளம், நுனியில் இரண்டே இலை.

அவள் தலையணையிலிருந்து கழுத்தை உயர்த்திப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கலியாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா? முளைச்சிருச்சுங்க! இந்தத் தடவ தங்கிரும்."

நானா என்னை வெளியே கூப்பிட்டு, பலாமரத்தைப் பார்த்தபடி பேசினார். "தானியத்த எடுக்கத்தான் வேணும் மாத்தயா. எடுத்து, குழியத் தொடச்சி, தார வச்சி, சீமெந்தால இறுக்கினா ஒரு சொட்டு வாராது. வேற வழி இல்ல."

உள்ளே போய் அவளிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. "அதத் தொட்டீங்கன்னா அப்புறம் நான் எதை நம்பிப் படுத்திருக்கிறது?" என்றாள். வெளியே வந்து, நீங்களே எப்படியாவது செய்துவிடுங்கள் நானா என்றேன்.

"அந்தத் தங்கச்சிட மனசு நோகுற வேலைய நான் செய்ய மாட்டன்" என்றார். "சாமான் தாரன். செய்யிறதெண்டா நீங்க செய்ங்க." உளியையும் சுத்தியலையும் ஒரு தகர டப்பாவில் மிச்சத் தாரையும் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போது நினைத்தால் அவர் செய்ததுதான் மரியாதை.

பத்து நாள் நான் அந்த உளியைத் தொடவில்லை. அந்தப் பத்து நாளும் அவள் அக்காவிடம் சொல்லித் தினம் ஒரு கரண்டி தண்ணீர் அந்தச் செடிக்கு ஊற்ற வைத்தாள். வெளியிலிருந்து வருகிற தண்ணீரைத் தடுக்க நான் செத்துக்கொண்டிருக்க, உள்ளிருந்தும் ஊற்றுகிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் கூடியது. கிளினிக்கில் டாக்டரம்மா மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இந்த இருமல் இப்படியே போனால் தையல் தாங்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு பகல். அரைநாள் லீவு போட்டேன். அக்கா துணி துவைக்கக் கீழே போயிருந்தார். எட்டிப் பார்த்தேன், சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூச்சு சீராகக் கேட்டது. கதவை மெல்லச் சாத்திவிட்டு, வெளியே வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

நான் கட்டிய அணையை நானே உடைத்தேன். உளியின் தலையில் துணி சுற்றி, சத்தம் வராமல் தட்டித் தட்டி. ஒரு கம்பியை வளைத்துச் சட்டத்தின் அடியில் விட்டு இழுத்தேன். அழுகிய தானியம் கறுப்புக் கூழாக வந்தது. மஞ்சள் துணி நாராக வந்தது. காசு வந்தது. இன்னும் ஏதோ தட்டுப்பட்டது. விரலை விட்டுத் துழாவி எடுத்தேன். இரண்டு வெள்ளிக் காப்பு, பிறந்த பிள்ளைக்குப் போடுகிற அளவு. முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் டவுனுக்குப் போய் வாங்கியவை. அது போனபிறகு அந்தக் காப்பை நான் கண்ணால் காணவில்லை. கேட்கவும் துணியவில்லை. மஞ்சள் முடிச்சுக்குள் அதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.

திரும்ப வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வைத்தால் குழி சீமெந்தால் இறுகி நிரம்பாது. குழி நிரம்பாவிட்டால் தண்ணீர் வரும். காப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழியைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, தாரை விரலால் அப்பி, சீமெந்தைத் திணித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்ட அடி தளத்தில் எதிரொலித்திருக்கும். திருடனுக்குக்கூட அவ்வளவு பயம் இருக்காது. அவன் தன் வீட்டில் திருடுவதில்லை.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

மறுநாள் கொட்டிய மழையில் ஒரு சொட்டும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பலகை காய்ந்தது, பூஞ்சணத்தை அக்கா துடைத்தெடுத்தார். இருமல் படிப்படியாகக் குறைந்து, கார்த்திகை விளக்கீட்டுக்குள் நின்றே போனது. வேர் போன செடி மட்டும் இரண்டாம் நாளே தலை சாய்ந்தது. நான்காம் நாள் தண்டு மஞ்சளானது. வெயில் படாமல் வாடுகிறது என்று சொன்னேன். அதன்பிறகும் அவள் தினம் அக்காவைக் கூப்பிட்டு ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றச் சொன்னாள். சருகாகிக் கிடந்த தண்டுக்கு அக்கா தண்ணீர் ஊற்றுவதையும், அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பதையும் நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஐயோ, இவளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். சொல்லவும் தைரியம் வராது. காப்பை அலுவலக மேசை லாச்சியில், முத்திரைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

மாசி மாதம் மகள் பிறந்தாள். அழுகையை வெளியே வராந்தாவில் நின்று கேட்டேன்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைக்குக் காப்புப் போட வேண்டும். முதல்நாளே டவுனில் புதுக்காப்பு ஒரு சோடி வாங்கிவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மறு கையை என் பக்கம் நீட்டினாள்.

"பழைய காப்பக் குடுங்க."

நான் அவள் மடியிலிருந்த புதுக்காப்பையே பார்த்தேன்.

"அன்னைக்கு வாசலடியில, கட்டிலுக்கு நேரா வெளிச்சம் வந்துச்சு" என்றாள். "என்னடான்னு பாத்தா, கம்பி வருது, போகுது. அப்புறம் விரல் வந்துச்சு. ஊதா மை ஒட்டுன விரலு. ஒவ்வொன்னா எடுத்தீங்க."

"ஏன் ஒரு சத்தம் போடல?"

"சத்தம் போட்டா இருமல் வந்துரும். முந்தானைய வாய்ல அடைச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

பிள்ளை அவள் மடியில் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மூன்று மாதத்துக்கு மேல், அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே அந்தக் கட்டிலில் அவள் படுத்திருந்திருக்கிறாள். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்படின்னா அந்தச் செடிக்கு எதுக்குத் தண்ணி ஊத்தச் சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நிறுத்திட்டா, எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நீங்க பயந்துருவீங்களே."